யாருக்குத்தான் விக்கப் போறாங்க?

இந்தப் பக்கம் தலை காட்டி நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதோட வீட்டு விஷயம் ஒண்ணும் மண்டையக் கொடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டும் இப்பத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு. இன்னிக்கு எழுதப் போறது கால்பந்து பத்தி. கிரிக்கெட்டுன்னு நெனச்சு வந்தவங்க இப்படியே அப்பீட் ஆயிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

நான் பிளாக்பர்ன் ரோவர்ஸ் ரசிகன்.

சிரிச்சு முடிச்சாச்சா? என் ரூம்மேட் மான்செஸ்டர் யுனைடெட். டீம் லீடு லிவர்பூல். பக்கத்து சீட்டுப் பொண்ணு பார்சிலோனா. நான் மட்டும் இங்கிலாந்தோட ரெண்டாவது டிவிஷன்ல, மேல ஏறவும் முடியாம கீழ விழவும் மனசில்லாம தொங்கிக்கிட்டிருக்கற ஒரு கிளப்புக்கு ராத்திரி கண்ணு முழிக்கறேன். "தர்மபுரி மாவட்டம் பொம்மிடில பொறந்தவனுக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேலை?"ன்னு கேக்காத ஆள் இல்ல. காரணம் ரொம்ப சிம்பிள். கோழி.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

எங்க வீட்டுல கோழிக் கொட்டகை உண்டு. ஊருக்கு வெளிய, சேர்வராயன் மலை நல்லா தெரியற மாதிரி எடத்துல, கிழக்கு மேற்கா நீளமா ஒரு கொட்டகை. அப்படிக் கட்டினாத்தான் வெயில் உள்ள விழாது. ஒரு பேட்ச்சுக்கு 4000 பிராய்லர். இதுல வேடிக்கை என்னன்னா, அந்த 4000ல ஒரு கோழிகூட எங்களது இல்ல. குஞ்சும் தீவனமும் மருந்தும் வளர்ப்புக் கம்பெனி குடுக்கும். நாங்க நாப்பது நாள் சொச்சம் வளர்த்துக் குடுக்கணும். ராத்திரில வண்டி வந்து புடிச்சுட்டுப் போயிடும். எடைக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி வரும். கொட்டகை எங்களது, கோழி அவங்களது. எரு மட்டும் எங்களுக்கு. இந்த ஏற்பாட்டுலதான் நான் இன்ஜினியரிங் படிச்சேன்.

2010 நவம்பர். நான் எட்டாவது. அப்பா டீக்கடையில பேப்பர் பாத்துட்டு வந்து, ஏதோ நாமளே ஜெயிச்ச மாதிரி சொன்னார். "குஞ்சு விக்கிறவங்க வெள்ளக்காரன் டீமையே வாங்கிட்டாங்க, பாத்தியாடா?"

புனாவைச் சேர்ந்த வெங்கீஸ் குடும்பம் 2.3 கோடி பவுண்டுக்கு பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கின செய்தி அது. எங்க வளர்ப்புக் கம்பெனி வேற. ஆனா கோழித் தொழில்ல இருக்கறவங்களுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாம இருக்காது. அதை ஆரம்பிச்ச பி.வி. ராவ்தான் 1982ல முட்டை ஒருங்கிணைப்புக் குழுன்னு பண்ணைக்காரங்களைச் சேர்த்து, முட்டை விலையை அவங்களே சொல்ற மாதிரி ஏற்பாடு பண்ணினவர். அதுக்கு முன்னாடி வியாபாரி வெச்சதுதான் விலை. நாமக்கல் பக்கத்துச் சொந்தக்காரங்க இன்னிக்கும் அவர் பேரை மரியாதையாத்தான் சொல்வாங்க. அப்பாவுக்கும் அந்தப் பெருமைதான். நம்மாளுங்க சீமைல போய் ஒரு டீம் வாங்கியிருக்காங்க.

எனக்கு அப்ப கால்பந்துன்னா என்னன்னே சரியாத் தெரியாது. ஆனா எல்லாருக்கும் ஒரு டீம் வேணுமில்லையா? எனக்கு இது. பாதி நீலம் பாதி வெள்ளையா இருந்த அந்த ஜெர்சி படத்தை நோட்டு அட்டைல ஒட்டிக்கிட்டேன். எட்டாவது பி செக்ஷன்ல ரோவர்ஸ் ரசிகர் மன்றத் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அடியேன் ஒருத்தன்தான்.

அந்தக் கிளப்போட கதை தெரிஞ்சுக்கிட்டது அப்புறம்தான். சாதாரண கிளப் இல்லங்க. 1875ல ஆரம்பிச்சது. 1888ல ஃபுட்பால் லீக்னு ஒண்ணு தொடங்கினப்ப இருந்த 12 கிளப்புல ஒண்ணு. 1992ல பிரீமியர் லீக் தொடங்கினப்பவும் இருந்துச்சு. பிளாக்பர்ன் ஒரு பழைய பருத்தி ஆலை ஊரு. அந்த ஊர்லயே பொறந்து, இரும்பு வியாபாரத்துல சம்பாதிச்ச ஜாக் வாக்கர்னு ஒருத்தர் 1991ல கிளப்பைக் கையில எடுத்தார். காசைக் கொட்டினார். ஆலன் ஷியரர் மாதிரி ஆளுங்களைக் கொண்டாந்தார். 1995ல சாம்பியன். கடைசி நாள் மேட்ச்ல லிவர்பூல்கிட்ட தோத்தும், அதே நேரத்துல மான்செஸ்டர் யுனைடெட் டிரா பண்ணினதால கெடைச்ச கப். வாக்கர் 2000ல தவறிட்டார். அதுக்கப்புறம் அவர் குடும்ப டிரஸ்ட் வெச்சிருந்து, 2010ல நம்மாளுங்களுக்கு வித்தாங்க.

அப்புறம் நடந்தது உங்கள்ல சில பேருக்கு ஞாபகம் இருக்கலாம். வாங்கி ஒரு மாசம்கூட ஆகல, மேனேஜர் சாம் அலர்டைஸை வீட்டுக்கு அனுப்பினாங்க. 2011ல ஒரு விளம்பரம் வந்துச்சு, டிரெஸ்ஸிங் ரூம்ல உக்காந்து ஆட்டக்காரங்க சிக்கன் சாப்பிடற மாதிரி. எதிர் டீம்காரங்களுக்குக் கேக்கணுமா! 2012 மே மாசம் சொந்த கிரவுண்டுல விகன் டீம்கிட்ட தோத்து பிரீமியர் லீக்கை விட்டே எறங்கிச்சு. அன்னிக்கு ரசிகர் யாரோ ஒரு உயிர்க் கோழிக்கு ரோவர்ஸ் கொடியைப் போர்த்தி மைதானத்துக்குள்ள விட்டுட்டாங்க. உலகம் பூரா அந்தக் காட்சி ஓடுச்சு.

நெட் சென்டர்ல அதைப் பாத்துட்டு வந்து கண்ணுல தண்ணியோட அப்பாகிட்ட சொன்னேன். அவர் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் கோழி லேயரா, பிராய்லரா?"

அவ்வ்வ்வ். இதான் எங்கப்பா.

அடுத்த சீசன்ல மேனேஜர் நாற்காலி மியூசிக்கல் சேர் ஆச்சு. ஹென்னிங் பெர்க் 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். எங்க கொட்டகைல ஒரு பேட்ச் எறங்கி ஏத்தி முடிக்கற நேரத்துல அங்க ஒரு மேனேஜர் வந்துட்டுப் போயிடுவார். 2017ல மூணாவது டிவிஷன் வரைக்கும் போச்சு. 2018ல திரும்ப ரெண்டாவதுக்கு வந்துச்சு. 2022-23லயும் 2024-25லயும் ஏழாவது எடம். ஆறாவது வந்திருந்தா பிரீமியர் லீக் போறதுக்கு பிளே-ஆஃப் வாய்ப்பு. ரெண்டு தடவையும் மயிரிழைல போச்சு. இதை எழுதற வரைக்கும் அதே முதலாளிங்கதான்.

இந்தக் காலம் முழுக்க ரோவர்ஸ் ரசிகர்களுக்கு முக்கியமான பொழுதுபோக்கு மேட்ச் இல்ல. "யாருக்குத்தான் விக்கப் போறாங்க?" அதான்.

அமெரிக்க முதலீட்டாளர்ம்பாங்க. வளைகுடா ஷேக்ம்பாங்க. வாக்கர் மாதிரி லோக்கல் பணக்காரர் ஒருத்தர் ரெடியா இருக்கார்ம்பாங்க. யாரோ ஒரு கோட்டுக்காரர் கிரவுண்டைச் சுத்திப் பாத்தார்னு ஒரு புரளி கெளம்பினா போதும், ஒரு வாரம் ஓடும். இங்கிலாந்துல கம்பெனிக் கணக்கறிக்கைய யாரு வேணா எடுத்துப் படிக்கலாம். அதனால பஸ் டிரைவர், வாத்தியார், பிளம்பர் எல்லாரும் பேலன்ஸ் ஷீட் படிக்கக் கத்துக்கிட்டாங்க. அதுக்கு மேல, வெங்கீஸ் இங்கருந்து கிளப்புக்குப் பணம் அனுப்பறது பத்தி அமலாக்கத்துறை விசாரணை வந்து, 2023 வாக்குல ஒவ்வொரு தடவை அனுப்பறதுக்கும் டெல்லி உயர்நீதிமன்றத்துல அனுமதி வாங்க வேண்டியிருந்துச்சு. பிளாக்பர்ன்ல ஆலைத் தொழிலாளி பேரனுங்க டெல்லி கோர்ட்டு தேதிய நாள்காட்டில குறிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வாய்தாவுக்கு மேல வாய்தா. நிலத் தகராறுல தர்மபுரி கோர்ட்டுக்கு அலைஞ்ச எங்க ஊர்ப் பெருசுங்களைக் கேட்டிருந்தா நல்ல ஆலோசனை சொல்லியிருப்பாங்க.

ஒரு விஷயம் நியாயமா சொல்லணும். அந்தக் குடும்பம் காசு போடாம இல்ல. இத்தனை வருஷத்துல 20 கோடி பவுண்டுக்கு மேல போட்டிருக்காங்க. அந்த டிவிஷன்ல பெரும்பாலான கிளப் நஷ்டத்துலதான் ஓடும், முதலாளி பை திறந்தாத்தான் சம்பளம். அதனால ரசிகர்களுக்குள்ளயே ரெண்டு கட்சி. "வித்துட்டுக் கெளம்பு"ன்னு ஒண்ணு. "போயிட்டா அடுத்த மாசம் யாரு காசு போடுவா?"ன்னு இன்னொண்ணு. ரெண்டாவது கட்சிக்காரங்களுக்கு உதாரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். அங்கருந்து கொஞ்ச தூரத்துல பரி-ன்னு ஒரு ஊர். 1885ல ஆரம்பிச்ச கிளப். 2018 டிசம்பர்ல அதை ஒரே ஒரு பவுண்டுக்கு ஒருத்தர் வாங்கினார். 2019 ஆகஸ்ட்ல கடனைக் கட்ட வழியில்லைன்னு லீக்கை விட்டே வெளிய அனுப்பிட்டாங்க. ரோவர்ஸை 2012ல கீழ தள்ளின விகன் கதையும் அதே மாதிரிதான். 2020ல முதலாளி கை மாறின சில வாரத்துலயே திவால் நடவடிக்கைக்குப் போச்சு. வித்தா விடிஞ்சிடும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது.

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழுதாம்? கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல ஆடிக்கிட்டிருந்த சென்னை சிட்டி 2018-19ல ஐ-லீக் சாம்பியன். சுவிட்சர்லாந்தோட பாசல் கிளப் அதுல பங்கு வாங்கினப்ப எப்படிக் கொண்டாடினோம்! 2020-21 சீசனுக்கு அப்புறம் ஐ-லீக்ல அந்தப் பேரே இல்ல. யாருக்கு விப்பாங்கன்னு வதந்தி பேசக்கூட நேரம் குடுக்காம காணாமப் போச்சு.

2023 கடைசில எனக்கு ஆன்சைட் வந்துச்சு. மான்செஸ்டர், ஆறு மாசம். மொத லீவு நாள்ல ரோவர்ஸ் மேட்ச் இருந்த தேதியாப் பாத்து ரயில் ஏறிட்டேன். விக்டோரியா ஸ்டேஷன்ல இருந்து ஒரு மணி நேரம். போற வழில டார்வென்னு ஒரு ஸ்டேஷன். அந்தப் பேரை எங்கயோ படிச்சிருக்கோமேன்னு போன்ல தேடினா, 1931 செப்டம்பர்ல காந்தி வந்து தங்கின ஊர். வட்ட மேஜை மாநாட்டுக்கு லண்டன் வந்தவர், நம்மூர் அந்நியத் துணிப் புறக்கணிப்பால ஆலைங்க மூடி வேலை போய்க் கெடந்த அந்த ஜனங்களையே நேர்ல பாக்கப் போயிருக்கார். பெண் தொழிலாளிங்க அவரைச் சுத்தி நின்னு கை தூக்கி ஆரவாரம் பண்ற போட்டோ ஒண்ணு இருக்கு, தேடிப் பாருங்க. புறக்கணிப்பை அவர் கைவிடல. ஆனா மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு வந்திருக்கார். அன்னிக்கு அதை ஒரு சுவாரஸ்யமான தகவல்னு மட்டும் நெனச்சு அடுத்த பக்கம் தள்ளிட்டேன்.

பிளாக்பர்ன் ஸ்டேஷன்ல இருந்து ஈவுட் பார்க்குக்கு நடந்தே போனேன். வாசல்ல ஜாக் வாக்கர் சிலை. 31 ஆயிரம் பேர் உக்காரக்கூடிய எடத்துல பாதி சீட்டு காலி. பக்கத்துல ஒரு பெரியவர், எழுபதுக்கு மேல இருக்கும். சின்ன வயசுல அவங்கப்பா தோள்ல உக்காந்து வந்ததுல இருந்து வர்றாராம். எந்த ஊர்னு கேட்டார். இந்தியான்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்தார்.

"புனாவா?"

"இல்லைங்க, அங்கருந்து ரொம்ப தெற்க."

"அப்பா என்ன பண்றார்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "கோழி வளர்க்கறார்"னுட்டேன். சொந்தச் செலவுல சூனியம்.

ரெண்டு செகண்டு அமைதி. அப்புறம் மனுஷன் சிரிக்க ஆரம்பிச்சார் பாருங்க, முன் வரிசை, பின் வரிசை எல்லாத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். இடைவேளைல எனக்கு டீ வாங்கிக் குடுத்தார். நானும் உற்சாகமாயி, "கிளப்பை எப்ப விப்பாங்க, யாரு வாங்குவா"ன்னு எனக்குத் தெரிஞ்ச வதந்தி எல்லாத்தையும் எடுத்து விட்டேன். அவர் டீயக் குடிச்சுக்கிட்டே சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

"விக்கறதும் வெச்சுக்கறதும் அவங்க இஷ்டம் தம்பி. காசு அவங்களது. ஆனா இங்க வந்து உக்காந்து பாத்து எத்தனை வருஷமாச்சு? என்ன நெனக்கறோம்னு ஒரு வார்த்தை சொன்னா நாங்க எதுக்கு இப்படிக் குறி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறோம்?"

அன்னிலேர்ந்து நானும் முதலாளிங்களைத் திட்டறதுல முன்னணிக்கு வந்துட்டேன். வராத முதலாளி, பேசாத முதலாளின்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். பழைய பதிவுகள்ல இருக்கு, படிச்சவங்களுக்குத் தெரியும்.

சரி, இப்ப வீட்டு விஷயத்துக்கு வர்றேன்.

2024ல அப்பா தவறிட்டார். நான் அப்ப பெங்களூர் திரும்பியாச்சு. கொட்டகைய பாத்துக்கறது ஒரு அண்ணனும் அவங்க வீட்டுக்கார அக்காவும். ஒன்பது வருஷமா கொட்டகை ஓரத்து ரூம்லதான் குடியிருக்காங்க. பேரு வேண்டாம், அண்ணன்னே வெச்சுக்குவோம். குஞ்சு எறங்கின மொத வாரம் புரூடர் பல்பு சூடு சரியா இருக்கான்னு ராத்திரில ரெண்டு மணிக்கு ஒருக்கா எந்திரிச்சுப் பாக்கணும். வெயில் காலத்துல கூரைல தண்ணி அடிக்கணும். மழைக்குப் படுதா எறக்கணும். அப்பா போனதுக்கப்புறம் இது அத்தனையும் அவங்க ரெண்டு பேர்தான். நான் என்ன பண்ணினேன்? பேட்ச் முடிஞ்சா ஒரு போன். எத்தனை செத்துச்சு, எவ்வளவு எடை வந்துச்சு, கணக்கு வந்துச்சா. கரண்டு பில்லும் கூரை ரிப்பேரும் போக கையில நிக்கறது சொற்பம். ரெண்டு பேட்ச் கையக் கடிச்சுச்சு. நான்தான் பெங்களூர்ல இருந்து பணம் அனுப்பினேன். அதனால நான் நல்ல முதலாளின்னு எனக்கு ஒரு நெனப்பு.

போன வருஷம் ஐப்பசி வாக்குல ஒரு புரோக்கர் அம்மாகிட்ட வந்து பேசியிருக்கார். கொட்டகை நிலத்தை மனை போட்டு விக்கலாம், நல்ல விலைன்னு. அம்மா போன் பண்ணி "நீ சொன்னா சரி கண்ணு"ன்னாங்க. நான் "பாக்கலாம்மா"ன்னேன். அடுத்த வாரமும் பாக்கலாம். அதுக்கடுத்த மாசமும் பாக்கலாம். பெங்களூருக்கும் பொம்மிடிக்கும் நாலு மணி நேரம்தான். ஏழு மாசமா நான் ஊருக்கே போகல.

மார்கழில கம்பெனி சூப்பர்வைசர் போன் பண்ணார். "சார், அடுத்த பேட்ச் குஞ்சு எறக்கட்டுமா, வேணாமா? விக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் அம்மாவத் தவிர யார்கிட்டயும் வாயத் தொறக்கலையே?

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஸ்டேஷன்ல எறங்கி டீக்கடைல உக்காந்தேன். தாடி வெச்சிருந்ததால சட்டுன்னு யாருக்கும் அடையாளம் தெரியல போல. பக்கத்து பெஞ்சுல எங்க கொட்டகையப் பத்தித்தான் பேச்சு. ஒருத்தர், பெங்களூர் பார்ட்டி லேஅவுட் போடப் போறாங்கன்னார். இன்னொருத்தர், அதெல்லாம் இல்ல, கல்யாண மண்டபம்னார். மூணாமவர் சோலார் கம்பெனின்னு அடிச்சுச் சொன்னார். அதெல்லாம் விடுங்கப்பா, பையன் குடும்பத்தோட அமெரிக்கா போறான், அதான் எல்லாத்தையும் காலி பண்றாங்கன்னு கடைக்காரரே முடிச்சு வெச்சார். எனக்குக் கல்யாணமே ஆகல, மக்களே! யாரோ ஒரு கோட்டுக்காரர் கார்ல வந்து எடத்தை அளந்துட்டுப் போனதும் அதுல உண்டு.

கையில டீ கிளாஸ் அப்படியே இருக்கு. எனக்கு ஈவுட் பார்க் ஞாபகம் வந்துடுச்சு. அதே பேச்சு, அதே குறி பாக்கறது. என்ன, இந்தத் தடவை புனாக்காரன் நான்.

கொட்டகைக்குப் போனேன். பேட்ச் ஏத்தி முடிச்சு, எரு அள்ளி, சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருந்தாங்க. சும்மா பளிச்சுன்னு இருந்துச்சு. அண்ணன் கைய லுங்கில தொடைச்சுக்கிட்டே வந்தார். "வாங்க தம்பி. எளைச்சுட்டீங்களே." அக்கா காப்பி கொண்டாந்தாங்க. பொங்கல் எப்படி, பெங்களூர்ல குளிரான்னு கொஞ்ச நேரம் போச்சு. அண்ணன் கொட்டகை உள்ள பாத்துக்கிட்டே, ஏதோ சும்மா கேக்கற மாதிரி கேட்டார்.

"ஏந்தம்பி, அடுத்த பேட்ச்சுக்கு உமி வாங்கிப் போட்டுரலாமா?"

ஒன்பது வருஷத்துல உமி வாங்க அவர் யாரையும் கேட்டதே இல்ல.

அவருக்கும் அந்த வதந்தி அத்தனையும் காதுக்கு வந்திருக்கும். மூணு மாசமா இந்த ரூம்ல படுத்துக்கிட்டு, புருஷனும் பொண்டாட்டியும் எந்த வதந்தி நெசம்னு கூட்டிக் கழிச்சுப் பாத்திருப்பாங்க. என்கிட்ட நேராக் கேக்க அவங்களுக்குக் கூச்சம். சொல்ல எனக்குச் சோம்பேறித்தனம். சோம்பேறித்தனம்கூட இல்ல, பயம்னு சொல்லணும். அந்த மூஞ்சியப் பாத்துச் சொல்லணுமேங்கற பயம். அதுக்குத்தான் ஊருக்கே வராம இருந்திருக்கேன்னு அந்த எடத்துல உறைச்சுச்சு. அந்தக் குடும்பம் ஏன் கிரவுண்டுக்கு வரதில்லைன்னு பதிவு பதிவா ஆராய்ச்சி பண்ணினவனுக்கு, அதுல ஒரு காரணம் என்னவா இருந்திருக்கும்னு இப்பத்தான் புரியுது.

"அண்ணா, விக்கச் சொல்லி ஒரு ஆள் கேக்கறாங்க. மனை போடறதுக்கு. மூணு மாசமா எனக்குத் தெரியும். இன்னும் முடிவு பண்ணல. உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

அண்ணன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அக்காதான் பேசினாங்க.

"வித்தாலும் பரவால்ல சாமி. பையன் ஏழாவது படிக்கறான். பள்ளிக்கூடம் மாத்தணும்னா மே மாசத்துக்குள்ள தெரியணும். அது ஒண்ணுதான் ராத்திரில தூக்கம் வரல."

அவ்வளவுதான் கேட்டாங்க. ஒரு தேதி.

அன்னிக்கு மூணு பேரும் கொட்டகைத் திண்ணைல உக்காந்து கணக்குப் போட்டோம். கூரைக்கு என்ன ஆகும், வருஷத்துக்கு எத்தனை பேட்ச் தேறும், எங்க காசு ஒழுகுதுன்னு. எக்செல் ஷீட்ல ரெண்டு வருஷமா எனக்குப் புடிபடாத ஓட்டை ஒண்ணை அண்ணன் விரல் விட்டு எண்ணியே சொல்லிட்டார் (ஓரத்துல கூரை ஒழுகி தீவன மூட்டை நனையறது, வேறென்ன). பள்ளிக்கூட வருஷம் முடியற வரைக்கும் கொட்டகைல கை வைக்கறதில்லைன்னு முடிவாச்சு. அதுக்கப்புறம் குத்தகைக்கு எடுத்து நடத்த முடியுமான்னு அண்ணன் யோசிச்சுச் சொல்றேன்னிருக்கார். முடியலைன்னா விக்கறதுதான். அப்படி வித்தா எந்தத் தேதில, அவங்களுக்கு எவ்வளவு குடுக்கறதுன்னு அம்மாவ வெச்சுக்கிட்டே பேசியாச்சு. இதுல யாரும் தியாகம் ஒண்ணும் பண்ணல. எனக்குப் பணம் தேவை, நிலம் ஒருநாள் போகத்தான் போகும். என்ன, டீக்கடைல தெரியறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்துல 2025 ஜூலைல கால்பந்துக்குன்னே ஒரு சட்டம் கொண்டாந்தாங்க. தனியா ஒரு ரெகுலேட்டர். கிளப்பை வாங்க வர்றவங்க தகுதியை அவங்க சோதிப்பாங்க. கிரவுண்டை விக்கணும்னா அவங்க அனுமதி வேணும். சின்னத்தையும் ஜெர்சி கலரையும் ரசிகர்கள் ஆதரவு இல்லாம மாத்த முடியாது. முக்கியமான விஷயத்துல ரசிகர்கள்கிட்ட கலந்து பேசணும். ஜெர்மனில இன்னும் ஒருபடி மேல, பெரும்பாலான கிளப்புல பாதிக்கு மேல ஓட்டு உறுப்பினர்கள் கையிலதான். படிக்கறப்ப, பேசறதுக்குமாய்யா சட்டம் போடணும்னு சிரிப்பா இருந்துச்சு. நாலு மணி நேரத் தொலைவுல மூணு மாசம் வாயத் தொறக்காம இருந்தவன் நான். எனக்கு இப்ப சிரிப்பு வரல.

கெளம்பறப்ப உமிக்குக் காசு குடுத்துட்டு வந்தேன். தை முடியறதுக்குள்ள குஞ்சு எறங்கிடுச்சு. அண்ணன் போன்ல போட்டோ அனுப்பினார், மஞ்ச மஞ்சேர்னு 4000 குஞ்சு புரூடர் சுத்தி.

ரோவர்ஸ்? அது இன்னும் விக்கல. யாருக்கு விப்பாங்கன்னு எனக்கும் ரெண்டு மூணு யூகம் இருக்கு, நேத்து ராத்திரிகூட ஒரு மணி வரைக்கும் வதந்தி மேஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தப் பழக்கம் போகாது போல. ஆனா முதலாளிங்களைத் திட்டி எழுதறப்ப மட்டும் கை கொஞ்சம் தயங்குது.

டிஸ்கி: உங்க ஊர்லயும் இப்படி 'பாக்கலாம்'னு சொல்லித் தள்ளிப் போட்ட நிலமோ, கடையோ, வீடோ இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. அதுக்கு முன்னாடி, அங்க இருக்கறவங்களுக்கு ஒரு போன் போட்டுடுங்க.

டிஸ்கி 2: அந்தக் கோழி லேயரா, பிராய்லரான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. அப்பா இருந்திருந்தா மறுபடி ஒருக்கா கேட்டிருப்பார்.